கஃப் கிளிப்பும் கழற்றி மாட்டும் கஃபும்: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் காரைநகர் வாசகர் ஒருவர் அனுப்பிய படத்தை வெளியிட்டு, அதில் உள்ள பொருள் எதுவென்று கேட்டிருந்தோம். கடதாசிக் கிளிப் என்றும், வைத்தியரின் கருவி என்றும், சுருட்டு விரலைச் சுடாமலிருக்கப் பிடிக்கும் கவ்வி என்றும் பலவாறாக எழுதியிருந்தார்கள். சரியாகச் சொன்னவர்கள் மிகச் சிலரே. ஆனால் அந்தச் சிலருடைய கடிதங்களிலிருந்து மேலும் பல கேள்விகள் பிறந்தமையால், இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் அம்மாவின் பாட்டனார் மலாயாவில் ரயில்வே கிளாக்கராக வேலை பார்த்து, பென்சன் எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பியவர். அவருடைய ட்ரங்குப் பெட்டியின் அடியில், ஒரு தகரப் பேணிக்குள் இந்தச் சோடி இருந்தது. ஒவ்வொன்றும் சின்னவிரல் அளவு நீளம். இரு முனைகளிலும் பல் வைத்த தாடை. தாடைக்கு மேலே தூக்கி மடிக்கக்கூடிய ஒரு தகட்டு நாக்கு. வீட்டில் எவருக்கும் இதன் பயன் தெரியவில்லை. இது என்ன?
– வாசகர், காரைநகர்

பதில்: இது கஃப் கிளிப். கஃப் என்பது சட்டைக்கையின் முனையில் மணிக்கட்டைச் சுற்றி நிற்கும் பட்டை. சட்டையோடு சேர்த்துத் தைக்கப்படாமல் தனியாக வாங்கி அணிந்த கஃபைச் சட்டைக்கையோடு பிணைப்பதற்காகச் செய்யப்பட்டது இந்தக் கிளிப். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து முதலாம் உலகப் போர் முடிந்து சில ஆண்டுகள் வரை, கந்தோரில் வேலை பார்த்தவர்கள் பலர் அணிந்த சட்டையில் கொலரும் கஃபும் தனித் துண்டுகளாகவே இருந்தன. சட்டைக்கை, மணிக்கட்டைச் சுற்றிய ஒடுக்கமான ஒரு பட்டியோடு முடிந்துவிடும். அதற்கு மேலாக, கோட்டின் கைக்கு வெளியே தெரியும்படி, விறைப்பான வெள்ளைக் குழாய் போன்ற கஃபை மாட்டிக்கொள்வார்கள். அது கையை அசைக்கும்போது கழன்று விழாமலும், எழுதும்போது உள்ளங்கைக்கு இறங்கிவிடாமலும் இருக்க வேண்டும். கிளிப்பின் வேலை அதுதான்: ஒரு தாடை கஃபின் மேல் விளிம்பைக் கவ்வும், மறு தாடை சட்டைக்கைப் பட்டியைக் கவ்வும். கோட் அதை மறைத்துவிடுவதால் வெளியே எதுவும் தெரியாது.

தாங்கள் அனுப்பிய இரண்டாவது படத்தில் நாக்கின் அடிப்பகுதி நன்றாகத் தெரிகிறது. அது அச்சாணியைச் சுற்றி ஒரே அளவான வட்டமாக இல்லாமல், ஒரு பக்கம் புடைத்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நாக்கை நிமிர்த்தினால் புடைப்பு விலகித் தாடை திறக்கிறது; நாக்கைப் படுக்க வைத்தால் புடைப்பு எதிர்த் தகட்டை அழுத்தித் துணியைப் பற்களுக்கிடையே இறுக்குகிறது. மடிக்கும்போது ஒரு கட்டம் வரை விரல் அழுத்த வேண்டியிருக்கும். அந்தக் கட்டம் தாண்டியதும் தகட்டின் விறைப்பே நாக்கை இழுத்து 'டக்' என்று படுக்கவைத்துவிடும். அதன் பின் கஃபை எவ்வளவு இழுத்தாலும் நாக்கு தானாக நிமிராது. நகத்தால் கிளப்பினால்தான் திறக்கும். நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் தங்களுடைய சோடியில் ஒன்று அதே சத்தத்தோடு மூடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தகட்டைச் செய்தவர்களுக்கு இதைவிட நல்ல சான்றிதழ் வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் வீட்டிலும் பழைய 'கஃப்லிங்' ஒரு சோடி இருக்கிறது. அதுவும் இதுவும் ஒன்றுதானே? கையில் மாட்டும் எலாஸ்டிக் வளையமும் இதே வேலைக்குத்தானா?
– வாசகி, சுன்னாகம்

பதில்: மூன்றும் வெவ்வேறு. கஃப்லிங் கஃபின் இரு ஓரங்களையும் மணிக்கட்டுக்கு அருகே ஒன்றோடொன்று சேர்ப்பது. அது வெளியே தெரிய வேண்டிய நகை. கஃப் கிளிப், கஃபைச் சட்டைக்கையோடு சேர்ப்பது. அது தெரியக்கூடாத கருவி. கழற்றி மாட்டும் கஃப் அணிந்தவருக்குப் பெரும்பாலும் இரண்டுமே தேவைப்பட்டன. முழங்கைக்கு மேலே மாட்டும் வளையம், நீளம் கூடிய சட்டைக்கையை மேலே இழுத்து நிறுத்துவதற்கானது. அதற்கும் கஃபுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

கேள்வி: கஃபைக் கழற்றி மாட்டத்தான் வேண்டுமென்றால் ஒரு தெறியும் ஒரு துளையும் போதுமே? இதற்கென்று ஓர் உலோகக் கருவியை ஏன் செய்தார்கள்? அதற்கு முன்னர், கஃபை ஏன் கழற்ற வேண்டும் என்பதே எனக்கு விளங்கவில்லை.
– ஓய்வுபெற்ற தையற்காரர், பருத்தித்துறை

பதில்: இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குவோம். சட்டையில் முதலில் அழுக்காவது கழுத்தும் மணிக்கட்டும்தான். அந்த இரண்டையும் தனியாகக் கழற்றித் தோய்த்து, கஞ்சி போட்டு, ஸ்திரிக்கை போட முடிந்தால் முழுச் சட்டையையும் நாள்தோறும் தோய்க்கும் செலவும் சிரமமும் மிச்சமாகும். அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலுள்ள ட்ரோய் நகரில், ஹன்னா மொன்டேகு என்ற பெண்மணி 1827இல் தம் கணவரின் சட்டையிலிருந்து கொலரை வெட்டியெடுத்து, தனியாகத் தோய்த்து மீண்டும் பிணைத்ததிலிருந்தே இந்த வழக்கம் தொடங்கியது என்று அந்நகரத்தார் சொல்லிவருகிறார்கள். கதை எப்படியோ, பின்னர் அந்நகரம் கொலருக்கும் கஃபுக்கும் அமெரிக்காவின் தலைநகரமாகவே ஆகி, 'கொலர் நகரம்' என்று பெயரெடுத்தது. கொதிக்கும் நீருக்கும் கஞ்சிக்கும் சூடான இரும்புக்கும் நடுவே நின்று வேலை செய்த அந்நகரத்துச் சலவைப் பெண்கள், 1864இல் கேட் மலேனி என்பவரின் தலைமையில் சங்கம் அமைத்து, வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வும் பெற்றார்கள். கஃபின் வரலாற்றை எழுதுவோர் கணவரின் கொலரைப் பற்றி எழுதுமளவுக்கு இந்தப் பெண்களைப் பற்றி எழுதுவதில்லை என்பது என் மனக்குறை.

இனி, தெறி ஏன் போதவில்லை என்பது. தாங்கள் தொழில் தெரிந்தவர் என்பதால் உடனே பிடித்துக்கொள்வீர்கள்: தெறி ஒரே இடத்தில்தான் நிற்கும். கோட்டின் கைக்கு வெளியே கஃப் ஏறத்தாழ அரை அங்குலம் தெரிய வேண்டும் என்பது அக்கால உடை ஒழுங்கு. இன்றும் கோட் அணிவோர் அதையே பின்பற்றுகிறார்கள். ஒருவரின் கை நீளமும், ஆயத்தமாகத் தைத்து விற்ற சட்டையின் கை நீளமும், கோட்டின் கை நீளமும் ஒன்றோடொன்று பொருந்திவருவது அருமை. தெறி வைத்த கஃபை மேலே ஏற்றவோ கீழே இறக்கவோ வழியில்லை. கிளிப் வைத்த கஃபை வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். எந்தக் கடையில் வாங்கிய கஃபையும் எந்தச் சட்டைக்கும் பொருத்தலாம். ஒரு விளிம்பு அழுக்கானால் தலைகீழாகத் திருப்பி, மறு விளிம்பை வெளியே காட்டலாம். பல கஃப்கள் இப்படித் திருப்பி அணிவதற்காகவே இரு விளிம்பும் ஒரே மாதிரி செய்யப்பட்டிருந்தன.

துணி மட்டுமல்லாமல் கடதாசியாலும், செலுலொயிட் என்ற ஆரம்பகாலப் பிளாஸ்டிக்காலும் கஃப்கள் வந்தபோது கிளிப்பின் தேவை இன்னும் கூடியது. வோல்ட்டர் ஹன்ட் என்பவர் 1854இல் கடதாசிக் கொலருக்குக் காப்புரிமை பெற்றார். நம் வீடுகளில் இன்றும் புழங்கும் சேஃப்டி பின்னுக்கு 1849இல் காப்புரிமை பெற்றவரும் அவரே. ஹயட் சகோதரர்கள் செலுலொயிட்டுக்குக் காப்புரிமை பெற்றது 1870இல். சில ஆண்டுகளுக்குள் இரண்டு செலுலொயிட் தாள்களுக்கிடையே லினன் துணியை வைத்து அழுத்திய கஃப்கள் சந்தைக்கு வந்தன. கடதாசியில் தெறித் துளை கிழிந்துவிடும். செலுலொயிட்டில் துளையின் ஓரத்திலிருந்து வெடிப்பு ஓடும். அகலமான தாடையால் விளிம்பைப் பிடிக்கும் கிளிப்பில் அந்த இழுவை ஓரிடத்தில் குவியாது.

எனினும் என் கணிப்பைக் கேட்டால், துணிக் கஃபுக்குத் தெறிதான் மேல். கிளிப்பின் பற்கள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கடிப்பதால் சட்டைக்கைப் பட்டியின் நூல் அறுந்து, சிறு துளைகள் வரிசையாக விழும். காரைநகர் அன்பரின் வீட்டில் பாட்டனாரின் பழைய சட்டை எதுவும் மிஞ்சியிருந்தால், பட்டியின் உட்புறத்தில் அந்தப் பல்வரிசையைத் தேடிப் பார்க்கச் சொல்லுவேன்.

கேள்வி: எங்களிடம் உள்ள கிளிப்பின் பின்புறத்தில் சிறிய எழுத்துகளும் ஒரு திகதியும் பொறிக்கப்பட்டுள்ளன. அந்தத் திகதியில்தான் இது செய்யப்பட்டதா?
– மாணவி, யாழ்ப்பாணம்

பதில்: இல்லை. 'பேட்டன்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்துகளும், அதை அடுத்து மாதம், நாள், ஆண்டு என்ற வரிசையில் திகதியும் இருந்தால் அது அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்ட நாள். கிளிப் அந்த நாளுக்கு முற்பட்டதாக இருக்க முடியாது என்பது மட்டும் உறுதி. அன்றைய அமெரிக்கக் காப்புரிமை 17 ஆண்டுகள் செல்லுபடியாகும் என்பதால், அந்தக் காலத்துக்குள் செய்யப்பட்டது என்று கொள்வது பெரும்பாலும் தவறாகாது. பழைய அச்சு தேயும்வரை அதே திகதியைப் பொறித்துக்கொண்டிருந்தவர்களும் இருக்கலாம். அந்நாட்டில் காப்புரிமை வழங்குவது செவ்வாய்க்கிழமைகளில். தாங்கள் வாசித்த திகதி தேய்ந்த எழுத்தால் ஐயத்துக்கு இடமாக இருந்தால், பழைய நாட்காட்டியில் அந்த நாள் செவ்வாய்தானா என்று பார்த்துச் சரிபார்க்கலாம். 1927க்குப் பின் திகதிக்குப் பதிலாகக் காப்புரிமை இலக்கத்தைப் பொறிக்கும் சட்டம் வந்தது. அதற்குள் கஃப் கிளிப்பின் காலமே முடிந்துகொண்டிருந்தது.

பிரித்தானியப் பொருளாயின், 1842 முதல் 1883 வரை வைர வடிவக் குறியொன்றும், 1884 முதல் தொடர் பதிவிலக்கமும் பொறிக்கப்பட்டன. 'டி.ஆர்.ஜி.எம்.' என்ற நான்கு எழுத்துகள் இருந்தால் அது ஜெர்மனியில் பதிவு செய்யப்பட்ட வடிவம். அந்தப் பதிவுமுறை 1891இல் தொடங்கியது. ஊர்ப்பெயர் 'வோட்டர்பரி' என்றிருந்தால், அது அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பித்தளைத் தொழிலுக்குப் பேர்போன நகரம். இத்தகைய சின்னஞ்சிறு கவ்விகளும் தெறிகளும் கொளுக்கிகளும் அங்கிருந்து ஏராளமாக வெளிவந்தன.

கேள்வி: கிளிப்போடு சேர்த்து இரண்டு கஃப்களும் கிடைத்தன. வெள்ளையாக இருந்திருக்க வேண்டியவை இப்போது தேன் நிறமாகிவிட்டன. உள்ளங்கையால் தேய்த்தால் கற்பூர வாசம் வருகிறது. அவற்றோடு ஒட்டிக்கிடந்த கிளிப்பில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறது. புளி போட்டு விளக்கினால் போய்விடும் என்று மாமியார் சொல்கிறார். செய்யலாமா?
– வாசகி, வட்டுக்கோட்டை

பதில்: தயவுசெய்து புளியைத் தொடாதீர்கள். மாமியார் குத்துவிளக்குக்குச் சொல்லும் வைத்தியம் குத்துவிளக்குக்குச் சரி; அது முழுப் பித்தளை. இந்தக் கிளிப்களின் வெண்ணிற மினுக்கம் பித்தளைமேல் பூசிய மெல்லிய நிக்கல் பூச்சு. புளியின் அமிலமும் சாம்பலின் உரசலும் அந்தப் பூச்சைத் தின்றுவிடும். இளஞ்சூட்டு நீரில் சவர்க்காரம் ஒரு சொட்டுக் கலந்து, பழைய பல் தூரிகையால் மெல்லத் துடைத்து, உடனே ஈரம் போக ஒற்றி, நிழலில் காயவையுங்கள். களிம்பு கெட்டியாக இருக்கும் இடத்தை ஒரு மூங்கில் ஈர்க்கின் நுனியால் சுரண்டலாம். ஊசியோ கத்தியோ வேண்டாம். காய்ந்த பின் அச்சாணியில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி விட்டு, மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். நாக்கு இறுகிக் கிடந்தால் வலிந்து தூக்க வேண்டாம். எண்ணெய் ஊற ஓர் இரவு விட்டுப் பாருங்கள்.

ஆனால் தங்கள் கடிதத்தில் முக்கியமான செய்தி களிம்பு அல்ல, கற்பூர வாசம். அந்தக் கஃப்கள் செலுலொயிட். நைத்திரேற்றம் செய்த பஞ்சோடு கற்பூரத்தைச் சேர்த்துப் பிசைந்தே செலுலொயிட்டைச் செய்தார்கள். நூறு ஆண்டு கழிந்தும் அந்தக் கற்பூரம் சிறிது சிறிதாக ஆவியாகிக்கொண்டிருக்கிறது. வியர்வைக்கு விறைப்பு இளகாத, ஈரத் துணியால் துடைத்தவுடன் வெளுக்கும் இந்தக் கஃபை வெக்கை நாடுகளில் வேலை பார்த்தவர்கள் விரும்பியதில் வியப்பில்லை. கஞ்சி போட்ட துணிக் கஃப் நண்பகலுக்குள் துவண்டுவிடும். பென்சிலால் கணக்கைக் கஃபிலேயே குறித்துக்கொண்டு மாலையில் துடைத்துவிடும் வசதியும் இதில் இருந்தது.

அதன் கெட்ட குணங்கள் இரண்டு. முதலாவது, அது எளிதில் தீப்பற்றி மிக வேகமாக எரியும். எனவே ஸ்திரிக்கைப் பெட்டியை அதன் அருகிலும் கொண்டுபோகக் கூடாது; சாமியறை விளக்குக்கும் அடுப்புக்கும் பக்கத்திலுள்ள அலுமாரியில் வைக்கவும் கூடாது. செலுலொயிட்தானா என்று பார்க்க ஊசியைச் சுடவைத்துக் குத்திப் பார்க்கும் வழியொன்றைச் சிலர் சொல்லுவார்கள். அதைச் செய்ய வேண்டாம், தாங்கள் கண்ட வாசமே போதிய சான்று. இரண்டாவது, பழசாகும்போது செலுலொயிட் சிதைந்து நைதரசன் ஒட்சைட்டு வாயுக்களை வெளிவிடும். அவை காற்றின் ஈரத்தோடு சேர்ந்து நைத்திரிக் அமிலமாகி, அருகிலுள்ள உலோகத்தை அரிக்கும். தங்கள் கிளிப்பின் பச்சைக் களிம்புக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. வெக்கையும் ஈரப்பதனும் கூடும்போது இந்தச் சிதைவு விரைவுபடும். நம் கடற்கரைக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மூடிய பேணிக்குள் வைத்தால் வாயு வெளியேற வழியின்றித் தன்னைத்தானே மேலும் கெடுத்துக்கொள்ளும்.

ஆகவே இன்றே செய்ய வேண்டியது, கஃபையும் கிளிப்பையும் பிரிப்பது. கிளிப்பைத் துடைத்து, தோய்த்த பருத்தித் துணியில் சுற்றித் தனிப் பெட்டியில் வையுங்கள். கஃப்களை ஒன்றோடொன்று ஒட்டாமல், அமிலமற்ற கடதாசியிலோ கஞ்சி போகத் தோய்த்த வெள்ளைத் துணியிலோ சுற்றி, காற்றுப் போகும் மட்டைப் பெட்டியில், வீட்டில் குளிர்ச்சியான அறையில் வையுங்கள். பொலித்தீன் பை வேண்டாம். சில மாதங்களுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். மேற்பரப்பு பிசுபிசுத்தாலும், மெல்லிய வெடிப்புகள் வலைபோல் பரவினாலும், கற்பூர வாசம் போய்க் காரமான புளிப்பு நெடி வந்தாலும் அது சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த நிலையில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பொருளை வீட்டுக்குள் வைத்திராமல் விடுவதே நல்லது. குப்பையோடு சேர்த்து எரித்துவிடாதீர்கள்.

கேள்வி: பாடசாலை நாடகத்தில் என் மகன் நூறு ஆண்டுகளுக்கு முந்திய பிரக்கிராசியாக (வழக்கறிஞராக) நடிக்கிறான். பழைய கிளிப் சோடி ஒன்று இரவல் கிடைத்திருக்கிறது. அதை எப்படிப் பூட்டுவது?
– தந்தை, நல்லூர்

பதில்: இரவல் பொருளை மேடைக்குக் கொண்டுபோவதில் எனக்கு உடன்பாடில்லை. நாடகம் முடியும் அவசரத்தில் ஒன்று காணாமற்போனால் சோடி போய்விடும். பூட்டும் முறையை மட்டும் சொல்லிவிடுகிறேன். கஃபை அணிவதற்கு முன்னரே கிளிப்பின் ஒரு தாடையை அதன் மேல் விளிம்பில், உள்ளங்கைப் பக்கமாகப் பூட்டிவிட வேண்டும். பின்னர் கஃபைக் கையில் நுழைத்து, சட்டைக்கைப் பட்டியின்மேல் ஏற்றி, மறு தாடையைப் பட்டியின் ஓரத்தில் பூட்ட வேண்டும். அதன்பின் கோட்டை அணிந்து, கையை மடித்து நீட்டிப் பார்த்து, கஃப் அரை அங்குலத்துக்கு மேல் வெளியே வந்தால் மறு தாடையைத் திறந்து சற்று மேலே நகர்த்த வேண்டும். வலக் கையின் கிளிப்பை இடக் கையால் பூட்டுவது பழக்கமில்லாதவருக்குச் சிரமம் என்பதால், ஒத்திகையிலேயே வேறொருவர் உதவுவது நல்லது.

மேடைக்கு இதைவிட இலகுவான வழி உண்டு. தடித்த வெள்ளைத் துணியில், நடுவே விறைப்பான கன்வஸ் வைத்து இரண்டு கஃப்களைத் தைப்பிக்கலாம். சட்டைக்கையின் பட்டியில் வெளிப்புறமாக ஒரு தட்டையான தெறியும், கஃபின் மேல் விளிம்பில் ஒரு துளையும் போதும். அந்தக் காலத்தில் துணிக் கஃப் அணிந்தவர்கள் பலரும் அப்படித்தான் பூட்டினார்கள் என்பதால், வரலாற்றுக்கும் அது முரணாகாது. பருத்தித்துறைத் தையற்காரர் ஐயாவுக்கும் அது மகிழ்ச்சியாக இருக்கும். தெறி வெள்ளையாகவும், கோட்டின் கைக்குள் நன்றாக மறையும் உயரத்திலும் இருக்கட்டும்.

கேள்வி: இப்படிப்பட்ட கிளிப்புக்கு இப்போது நல்ல விலை கிடைக்குமா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: கிடைக்காது. ஆயிரக்கணக்கில் அச்சடித்து மலிவாக விற்ற பொருள் இது. தங்கமோ வெள்ளியோ கலந்ததல்ல. அணிந்தவர் யார், எங்கே வேலை பார்த்தார், அந்தக் கோட்டோடு ஸ்டூடியோவில் எடுத்த படம் இருக்கிறதா என்ற விவரங்கள் கூடவே இருந்தால்தான் அதற்கு மதிப்பு. அவற்றை ஒரு தாளில் எழுதிக் கிளிப்போடு வையுங்கள். விற்றே ஆக வேண்டுமென்றால் சோடியைப் பிரித்து விற்காதீர்கள்.